அளவும் ஓர் அமானிதம்

(நமது அறக்கட்டளையின் வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சியை முடித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழும் கருவிப் பெட்டியும் வழங்கிய நிகழ்ச்சியில், பயிற்சிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)

  

இந்தப் பெட்டிகளில் இருக்கும் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் நீங்கள் கொடுத்த ஸதகாவில் வாங்கியவை. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் எதிர்பார்ப்பு இருக்கிறது. வாப்பாவின் மருந்துச் செலவு, தங்கையின் படிப்பு, உம்மாவின் நிம்மதி எல்லாம் இந்தப் பிள்ளைகளின் கையை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் கை வேலையில் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல நாங்கள் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொள்கிறோம். எஞ்சினின் முன்பக்கம் ஓடும் பெல்ட். நம் ஊரில் ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறோம். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அளவு தப்பினால் அது ஒரு குடும்பத்தையே நடுச்சாலையில் நிறுத்திவிடும்.

இந்தக் கூட்டத்தில் மெக்கானிக்குகளைவிட வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

அந்த ஒரு பெல்ட் என்ன செய்கிறது?

எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றும்போது அதன் முனையில் உள்ள புல்லியும் சுற்றும். அந்தச் சுற்றைப் பெல்ட் வாங்கி மற்ற புல்லிகளுக்குக் கொடுக்கிறது. ஆல்டர்னேட்டர், அதாவது நம் பட்டறைப் பேச்சில் டைனமோ, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. வாட்டர் பம்ப் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்ற வைக்கிறது. ஏசி இருந்தால் கம்ப்ரஸரும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் பம்பும் பெல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் உள்ள வண்டியும் உண்டு, இரண்டு மூன்று பெல்ட் உள்ள வண்டியும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் டைனமோவின் பின்புறத்திலேயே வேக்குவம் பம்ப் இருக்கும். நாம் பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு உதவி செய்யும் சக்தி அந்த வேக்குவத்திலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், எஞ்சின் சூடாகும், அதோடு பிரேக்கும் கல்லாகிவிடும். மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு முழுப் பலத்தையும் காலில் வைத்து மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு. அதற்குப் பற்கள் உண்டு. அதன் நீளத்தைத் தயாரித்த நிறுவனம் சொன்னபடிதான் போட வேண்டும். நாங்கள் இன்று பேசுவது வெளியே ஓடும் பெல்ட்டைப் பற்றி மட்டும்.

மாற்றியமைத்த வண்டிக்குப் புத்தக எண் செல்லாது

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் வண்டிகளில் நிறைய வண்டிகள் கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்த அம்பாசடரைப் பார்த்திருக்கிறோம். ஏசி இல்லாமல் வந்த வேனில் பின்னர் கம்ப்ரஸர் பொருத்தியிருப்பார்கள். கூடுதல் விளக்குகளுக்காகப் பெரிய டைனமோ மாட்டியிருப்பார்கள். ஏசி கெட்டதும் கம்ப்ரஸரையே கழற்றி வைத்துவிட்ட வண்டிகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் பெல்ட் போகும் பாதை மாறுகிறது. பாதை மாறினால் நீளம் மாறும்.

ஆனால் பெல்ட் தேய்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்கிறோம். கடைக்காரர் அந்த மாடலுக்கு உரிய பெல்ட்டை எடுத்துத் தருகிறார். அவர் மேல் தவறில்லை. அவர் கொடுத்தது கம்பெனி வண்டிக்கான பெல்ட். நம் முன்னால் நிற்பது வேறு வண்டி. மாற்றிய வண்டிக்குப் பெயரை வைத்துப் பெல்ட் வாங்கக் கூடாது, அளந்துதான் வாங்க வேண்டும்.

எஞ்சினையே மாற்றுவோருக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் அதைப் பதியவும் வேண்டும். இதைச் செய்யாமல் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கேட்கும்போது தடுமாற நேரிடும். பிள்ளைகளே, இப்படி ஒரு வண்டி உங்களிடம் வந்தால் முதலில் ஆர்.சி.யைக் கேளுங்கள்.

நம் வேனில் நடந்தது

நம் அறக்கட்டளையின் நோயாளர் வண்டியை உங்களில் பலர் அறிவீர்கள். பயன்படுத்திய டீசல் வேனாக வாங்கியது. நோயாளிகளுக்காக வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஏசி பொருத்தப்பட்டது. கம்ப்ரஸருக்கு இரும்புப் பட்டையில் ஒரு தாங்கி செய்து, வாட்டர் பம்ப்பும் டைனமோவும் ஓடும் அதே பெல்ட்டில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

அவர்கள் போட்ட முதல் பெல்ட் நீளம் அதிகம். டைனமோவை அதன் பட்டையின் கடைசி வரை இழுத்து முடுக்கியிருந்தார்கள். சில வாரங்களில் புது ரப்பர் இயல்பாக நீண்டது. மேலும் இழுக்க இடமில்லை. ஏசி போட்டாலே கீச்சென்ற சத்தம், காலையில் பேட்டரி இறங்கி நிற்பது என்று தொடங்கியது. திரும்பக் கொண்டுபோனபோது சின்ன பெல்ட் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றி, கம்பி போல இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. ஆனால் டைனமோவின் பேரிங் முனக ஆரம்பித்தது.

அந்தப் பெல்ட் ஓர் இரவில், பிரசவ வலியோடு ஒரு சகோதரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் இறுகியது. ஓட்டுநர் பதறாமல் கியரைப் படிப்படியாகக் குறைத்து, ஓரத்தில் நிறுத்தி, வேறு வண்டியை வரவழைத்தார். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

வண்டி நம் பயிற்சிக் கொட்டகைக்கு வந்ததும் இந்தப் பிள்ளைகளே பேனட்டைத் திறந்து பார்த்தார்கள். நீளம் மட்டும் பிழை அல்ல என்று கண்டார்கள். கம்ப்ரஸரின் புல்லி மற்ற புல்லிகளின் வரிசையை விட்டு 5 மி.மீ. முன்னால் நின்றது. அதன் பள்ளம் 17 மி.மீ. பெல்ட்டுக்கானது, ஓடியதோ 13 மி.மீ. பெல்ட். பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது. அந்த மினுமினுப்பே பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியதற்குச் சாட்சி. இதைச் சரி செய்ய அவர்கள் பார்த்த ஐந்து காரியங்களையும் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது: அகலம்

வி பெல்ட் அடிப்பகுதியால் பிடிப்பதில்லை. இரண்டு பக்கச் சுவர்களால்தான் பிடிக்கிறது. ஆப்பு மரத்தில் இறுகுவது போல அது பள்ளத்தில் இறுக வேண்டும். பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்புக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அடியில் சிறிது இடைவெளி தெரிய வேண்டும். பெல்ட் உள்ளே மூழ்கினால் ஒன்று பெல்ட் ஒல்லி, அல்லது புல்லி தேய்ந்துவிட்டது. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் குறை தீராது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் தட்டையான, உள்பக்கம் வரிவரியாக உள்ள பெல்ட் வருகிறது. அதில் 6 பி.கே. 1200 என்று அச்சிட்டிருந்தால், 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பி.கே. என்பது வரியின் வடிவம், 1200 என்பது மில்லிமீட்டரில் நீளம். இதை மாட்டும்போது எல்லா வரிகளும் எல்லாப் புல்லியிலும் அதனதன் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு புல்லியில் ஒரு வரி வெளியே நின்றாலும் பெல்ட் சீக்கிரமே கிழியும்.

இரண்டாவது: நேர்

எல்லாப் புல்லிகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நேரான இரும்புப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து மற்ற புல்லிகளோடு ஒத்துப் பாருங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறு வேறாக இருந்தால் விளிம்பை நம்பாமல் பள்ளத்தின் நடுவை அளந்து பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு இடையே 100 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ.க்குள்தான் விலகல் இருக்கலாம். நம் வேனில் அந்தத் தூரம் 280 மி.மீ. விலகலோ 5 மி.மீ. பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்ததற்கு அதுவே காரணம். லேத் பட்டறையில் தாங்கியைச் சீவி, வாஷர் மாற்றி, கம்ப்ரஸரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சரியான பள்ளம் உள்ள புல்லியையும் தேடிப் போட்டார்கள்.

மூன்றாவது: சுற்றிப் பிடிப்பது

பெல்ட் ஒவ்வொரு புல்லியையும் போதுமான அளவு கட்டிப்பிடிக்க வேண்டும். குறிப்பாகச் சின்ன புல்லியை. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 120 பாகை, பெல்ட் சுற்றியிருந்தால் நல்லது. புதிதாக ஒரு கம்ப்ரஸரைக் கண்ட இடத்தில் வைத்தால் டைனமோவின் புல்லியைப் பெல்ட் உரசிக்கொண்டு மட்டும் போகலாம். அப்போது சுமை ஏறினால் வழுக்கும். ஐட்லர் எனும் வெற்றுப் புல்லி ஒன்றைப் பொருத்திப் பாதையைத் திருத்துவதே முறை. கிராங்க் புல்லியில் இன்னொரு பள்ளம் காலியாக இருந்தால் கம்ப்ரஸருக்குத் தனிப் பெல்ட் போடுவது அதைவிட நல்லது. ஏசி பெல்ட் அறுந்தாலும் வாட்டர் பம்ப்பும் பிரேக்கும் பிழைத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெல்ட் பொருந்தவில்லை என்று புல்லியைச் சின்னதாகவோ பெரியதாகவோ மாற்றிவிடாதீர்கள். கிராங்க் புல்லி 150 மி.மீ., டைனமோ புல்லி 75 மி.மீ. என்றால் கிராங்க் ஒருமுறை சுற்ற டைனமோ இருமுறை சுற்றும். எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் டைனமோ 1600 ஓடும். டைனமோ புல்லியை 100 மி.மீ. ஆக்கினால் அதுவே 1200 ஆகக் குறைந்துவிடும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது பேட்டரி ஏறாது. வாட்டர் பம்ப்பின் புல்லியை இப்படி மாற்றினால் எஞ்சின் சூடாகும். பெல்ட்டுக்காக வண்டியை மாற்றாதீர்கள். வண்டிக்குத் தகுந்த பெல்ட்டைத் தேடுங்கள்.

நான்காவது: நீளம்

இரண்டே புல்லி என்றால் கணக்கிலேயே தோராயம் கிடைக்கும். இரண்டு புல்லிகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை இரட்டிக்க வேண்டும். இரண்டு விட்டங்களையும் கூட்டி 1.57-ஆல் பெருக்கி அதோடு சேர்க்க வேண்டும். பிறகு விட்டங்களின் வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்கி, மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, அதையும் சேர்க்க வேண்டும். புல்லிகள் 150, 75 மி.மீ., மைய தூரம் 300 மி.மீ. என்றால் 600, 353, 5 ஆகியவற்றின் கூட்டல், ஏறக்குறைய 958 மி.மீ. பத்தாம் வகுப்பில் கணக்கு எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இது பதில்.

மூன்று நான்கு புல்லி வந்துவிட்டால் கணக்கைவிடக் கை அளவே நம்பகமானது. சிலர் சணல் கயிற்றைச் சுற்றி அளப்பார்கள். கயிறு நீளும், பள்ளத்தின் அடிக்கும் போய்விடும். அந்த அளவு பொய் சொல்லும். நாங்கள் சொல்லிக்கொடுத்த வழி இது.

அதே அகலமுள்ள, அதிகம் தேயாத, எண் தெளிவாகத் தெரியும் பழைய பெல்ட் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். டைனமோவை எஞ்சின் பக்கமாக முழுவதும் தள்ளி வையுங்கள். வெட்டிய பெல்ட்டை எல்லாப் புல்லியிலும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் சேராமல் இடைவெளி இருந்தால் அதை அளந்து பெல்ட்டின் எண்ணோடு கூட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஏறிய அளவைக் கழியுங்கள். அடுத்து டைனமோவை வெளிப்பக்கம் முழுவதும் இழுத்து வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். உங்களுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும்.

நம் வேனில் 1000 என்று எண் போட்ட பழைய பெல்ட்டை வெட்டிச் சுற்றினார்கள். உள்பக்கம் இடைவெளி 16 மி.மீ., வெளிப்பக்கம் 68 மி.மீ. ஆக வேண்டிய நீளம் 1016-க்கும் 1068-க்கும் இடையில். கடையில் 1025-ம் இருந்தது, 1050-ம் இருந்தது. எதை எடுப்பது? இரண்டுமே மாட்டும். 1050 போட்டால் இறுக்கத் தொடங்கும்போதே இழுக்கும் இடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். 1025 போட்டால் நெம்பாமல் கையாலேயே ஏறும், நீளும்போது இழுக்கவும் நிறைய இடம் மிஞ்சும். சின்ன எண்ணை விடக் கொஞ்சம் பெரியது என்பதே விதி. நெம்பி ஏற்றினால் பெல்ட்டுக்குள் இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். வெளியே தெரியாது. சில நாளில் சாலையில்தான் தெரியும்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பெல்ட்டில் வெளிச்சுற்று மில்லிமீட்டரில் இருக்கும். ஏ 38 என்று அச்சிட்டிருந்தால் அது உள்சுற்று 38 அங்குலம், அதாவது 965 மி.மீ. அந்தப் பெல்ட் 8 மி.மீ. தடிமன் உள்ளது. எனவே அதன் வெளிச்சுற்று ஏறக்குறைய 50 மி.மீ. கூடுதல். 965 என்று ஒரு பெல்ட்டைக் கேட்டு வாங்கி, பொருந்தவில்லை என்று திகைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்.

ஐந்தாவது: இறுக்கம்

பழைய வண்டிகளின் கையேடுகளில், புல்லிகளுக்கு இடையே பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் 10 கிலோ அளவு அழுத்தினால் சுமார் 10 மி.மீ. தாழ வேண்டும் என்பது போன்ற அளவு இருக்கும். கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஆனால் மாற்றிய வண்டியில் அந்த இடைவெளியே மாறியிருக்கலாம். 300 மி.மீ. இடைவெளியில் 10 மி.மீ. தாழ்வது சரி என்றால், 150 மி.மீ. இடைவெளியில் அதில் பாதிதான் தாழ வேண்டும். அங்கும் 10 மி.மீ. தாழ்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

தளர்ந்தால் வழுக்கும், சூடாகும், எரிந்த ரப்பர் வாடை வரும். அதிகம் இறுகினால் டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் போகும். சத்தம் வராவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள். இறுக்கிய பெல்ட் சத்தம் போடாமலே கெடுக்கும். புதுப் பெல்ட் போட்டதும் எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி பாருங்கள். சில நாள் கழித்து வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் அதன் முள் குறியிட்ட எல்லைக்குள் நிற்க வேண்டும். வெளியே நின்றால் பெல்ட்டின் நீளம் தவறு.

பெல்ட் கத்தினால் சோப்புக் கட்டியைத் தேய்க்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது நோயாளியின் வாயைப் பொத்துவது போன்றது. எண்ணெய் ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைத்து, புல்லியைத் துடைத்து, பிறகு புதுப் பெல்ட் போடுங்கள்.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றும். கைலியோடு ஓடும் எஞ்சின் பக்கம் நிற்காதீர்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, ஹெட்போன் வயர் எதுவும் பெல்ட் அருகில் வரக் கூடாது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையில் போன விரல் திரும்பி வராது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் நான்கு அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச் சத்தம், ஓடும்போது பேட்டரி விளக்கு எரிவது, சூட்டைக் காட்டும் முள் ஏறுவது, பிரேக் திடீரென்று கடினமாவது. கடைசி மூன்றில் ஒன்று வந்தாலும் பக்கத்து ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள்.

பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். அளந்து போட்டீர்களா? எண் என்ன? பழைய பெல்ட் எங்கே? இப்படிக் கேட்பதைச் சந்தேகமாக எந்த நல்ல மெக்கானிக்கும் எடுத்துக்கொள்ள மாட்டார். கழற்றிய பெல்ட்டில் வெடிப்பு, ஓரம் பிரிதல், பக்கங்கள் பளபளத்தல் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பெல்ட்டை மாற்றுவது போதாது, புல்லியின் நேரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியூர் போகும் வண்டியில் சரியான எண்ணுள்ள பெல்ட் ஒன்று உபரியாக இருக்கட்டும்.

கைத்தொழிலின் கண்ணியம்

பிள்ளைகளே, தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்தான். அவர்கள் கவசம் செய்தார்கள். அப்போது வளையங்களை அளவாகச் செய்து இணைக்கும்படி அவர்களுக்கு ஏவியதை சூரா ஸபாவில் காண்கிறோம். இரும்பே மெழுகாக இளகிய கைக்கும் அளவு பார்க்கும் கடமை இருந்தது. கவசத்தில் ஒரு வளையம் தளர்ந்தால் போகும் உயிர் செய்தவருடையது அல்ல, நம்பி அணிந்தவருடையது. பெல்ட்டும் அப்படித்தான்.

1206-ஆம் ஆண்டு வாக்கில் தியார்பக்கிர் நகரில் அல்-ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியாளர் தம் இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதி முடித்தார். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் அமைப்பை அதில் விவரித்தார். உங்கள் எஞ்சினின் கிராங்க் தண்டு அந்த வகைச் சிந்தனையின் வாரிசு. பாகங்களின் அளவுகளையும் அவர் எழுதிவைத்தார், பின்னால் வருகிறவர் செய்ய வேண்டும் என்பதற்காக. நீங்களும் எழுதிவையுங்கள். மாற்றிய வண்டியில் பெல்ட் போட்டால் அகலம், நீளம், போட்ட தேதி மூன்றையும் பேனட்டின் உள்பக்கம் பெயிண்டால் எழுதுங்கள். நடு இரவில் வேறு ஊரில் பேனட்டைத் திறக்கும் இன்னொரு மெக்கானிக்குக்கு அது நீங்கள் செய்யும் ஸதகா. நம் வேனில் இன்று அந்த எழுத்து இருக்கிறது. அந்தப் பெல்ட்டும் சத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். பட்டறையில் நனைந்த தானியம் எது? நெம்பி ஏற்றிய பெல்ட். நேர் பார்க்காமல் விட்ட புல்லி. அசல் என்று சொல்லி விற்ற போலி. வாடிக்கையாளர் மேலே மட்டும்தான் பார்ப்பார். உள்ளே பார்ப்பவன் அல்லாஹ். அளவு பார்க்க ஆகும் அரை மணி நேரத்துக்கு உரிய கூலியைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். அது ஹலாலான உழைப்பு, அதில் பரக்கத் உண்டு. அளக்காமல் அளந்ததாகச் சொல்லி வாங்கும் கூலிதான் கையைச் சுடும்.

வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓர் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் பயிற்சிக் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுவந்தால் பெல்ட்டையும் புல்லிகளையும் பார்த்து, உரிய எண்ணை எழுதிக் கொடுப்போம். கட்டணம் இல்லை. மாற்ற வேண்டியிருந்தால் பெல்ட்டின் விலை மட்டும் உங்களுடையது. மதம் பார்க்காமல் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.

யா அல்லாஹ், இந்தப் பிள்ளைகளின் கைகளில் திறமையையும் நேர்மையையும் கொடுப்பாயாக. இவர்கள் பழுது பார்த்த வண்டியில் ஏறும் ஒவ்வொருவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. இந்தப் பணிக்குப் பொருளாலும் உடலுழைப்பாலும் உதவிய அனைவரின் ரிஸ்கிலும் விசாலத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.